ஆலயத்திற்கு வெளியே சமயம்: வேதநாயகம் பிள்ளையும் கிறித்தவ இலக்கியம் என்னும் வகைப்பாடும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடுபொருளையே அளவுகோலாகக் கொள்கின்றன. விவிலியக் கதை, புனிதர் வரலாறு, வழிபாட்டுப் பாடல் ஆகியன இவ்வகைக்குள் அடங்கும். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726) எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) இதன் முதன்மைச் சான்றுகளாகச் சுட்டப்படுவது பொருத்தமே. ஆயின், ஒரு கிறித்தவர் தம் நம்பிக்கையை நீதிமன்றத்திலும் குடும்பத்திலும் ஊர்ப்பொதுவிலும் செயலாக்க முயன்று, அதனை எழுத்தாக்கினால் அவ்வெழுத்து எவ்வகையைச் சாரும் என்னும் வினாவிற்கு இவ்வளவுகோல் விடை தருவதில்லை. இவ்வினாவை எழுப்புவதற்குரிய தக்க சான்று மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) ஆவார்.

இரு கூறான மதிப்பீடு

கத்தோலிக்கரான வேதநாயகர் தரங்கம்பாடி, மாயூரம் முதலிய ஊர்களில் முனிசீபாகப் பணியாற்றியவர். இவருடைய தேவமாதா அந்தாதி, பெரியநாயகியம்மை பதிகம் முதலியன கிறித்தவ இலக்கியத்துள் வைக்கப்படுகின்றன. நீதிநூல் (1859) அறநூல் வரிசையிலும், பிரதாப முதலியார் சரித்திரம் (1879) நாவல் வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. இப்பகுப்பு கற்பித்தலுக்கு எளிது. எனினும், அந்தாதி பாடியவரும் தீர்ப்பு எழுதியவரும் ஒருவரே என்னும் உண்மையை மறைத்துவிடுகிறது.

அலுவலும் அறமும்

தெய்வமுண்டெனல் என்று தொடங்கும் நீதிநூல், கைக்கூலி, மாதரைப் படிப்பித்தல் எனத் தனித் தலைப்புகளை வகுத்துச் செல்கிறது. கடவுட்கொள்கையும் கைக்கூலி மறுப்பும் ஒரே நூலின் கூறுகளாக அமைந்தமை நோக்கத்தக்கது. கைக்கூலி நீதிமன்ற வளாகத்தின் அன்றாடச் சிக்கல். அதனை நேரில் கண்ட அலுவலர் ஒருவர் பாடியதால் அறவுரை அனுபவத்தின் வலிமையைப் பெறுகிறது. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் சித்தாந்த சங்கிரகம் (1862) என்னும் பெயரில் தமிழாக்கினார். தாம் உட்பட்டிருக்கும் சட்டத்தை மக்கள் தம் மொழியில் அறிய வேண்டும் என்னும் எண்ணம் நாவலிலும் தொடர்கிறது. தமிழர் வழக்கைத் தமிழில் வாதாடாத வழக்கறிஞர்களை அது எள்ளி நகையாடுகிறது. 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர் ஆற்றிய கொடையைச் சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடினார். சமய எல்லையைக் கடந்து சென்றது அவருடைய பரப்புரையன்று, செயலே என்பதற்கு இது சான்றாகும்.

பெயர் சுட்டாமை

சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878) எச்சமயத்தாரும் பாடத்தக்க வகையில் இறைவனை விளிக்கிறது. நாவலின் தலைமை மாந்தர் கிறித்தவர் அல்லர், முதலியார் குடும்பத்தினர். இவற்றைக் கொண்டு அவருடைய சமய உணர்வு பொது அறமாக நீர்த்துவிட்டது எனக் கருதலாம். இவ்வறங்கள் குறள் மரபிலும் உள்ளவைதாமே என வினவலாம். இத்தடையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், அறத்தின் புதுமையைக் கொண்டு ஒரு படைப்பின் சமயச் சார்பை அளப்பது பொருந்தாது. அவ்வறம் எங்கிருந்து கடப்பாடாகிறது என்பதே வினா. வேதநாயகரிடம் அக்கடப்பாடு படைத்தவன்முன் மனிதன் பொறுப்புடையவன் என்னும் நம்பிக்கையினின்று பிறக்கிறது. இறைப்பற்றையும் இல்லற, சமூக அறங்களையும் வலியுறுத்துவதே தம் நோக்கம் என நாவலின் முன்னுரையில் அவர் அவற்றை இணைத்தே கூறுகிறார்.

இப்பார்வைக்கு எல்லைகளும் உள. பெண்கல்வியை வற்புறுத்திய பெண்மதி மாலை (1869) கணவனுக்கு அடங்கிய மனைவி என்னும் படிமத்தை விட்டு விலகவில்லை. ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆண்ட ஞானாம்பாளும் இறுதியில் இல்லறத்திற்கே திரும்புகிறாள். ஒரே தந்தையின் மக்கள் என்னும் கொள்கை சாதியப் படிநிலையை எதிர்கொள்ளும் அளவிற்கு நாவலில் விரிவு பெறவில்லை. அன்றாட வாழ்வில் இயங்கும் சமயம் அவ்வாழ்வின் பழக்கங்களுக்கும் உட்படுகிறது என்பதை இவை உணர்த்துகின்றன.

நிறைவாக

பாடுபொருளை மட்டும் நோக்கும் வகைப்பாடு, ஆலயத்திற்குள் ஒலித்த குரலையே பதிவு செய்யும். நீதிநூலையும் பிரதாப முதலியார் சரித்திரத்தையும் அந்தாதிகளோடு சேர்த்துப் பயில்கையில் இரு நன்மைகள் விளையும். வேதநாயகரின் சாதனை மட்டுமன்றி, அவருடைய நம்பிக்கை சமூகத்தின்முன் தயங்கி நின்ற இடங்களும் புலப்படும். அத்தயக்கத்தை அவருடைய சமய நோக்கிலேயே வைத்து மதிப்பிடும் உரிமையும் ஆய்வாளர்க்குக் கிட்டும்.