கழல மறுக்கும் ஸ்க்ரூ

'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தை மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் இரண்டு தடவை தத்துவத்துக்காக. மூன்றாவது தடவை, நிஜமாகவே மோட்டார் சைக்கிளுக்காக. என் பழைய 100 சிசி வண்டியின் செயினை இனி நானே டைட் பண்ணுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வைராக்கியம் வந்திருந்தது.

கையில் ஸ்பேனரோடு படித்தால் அது வேறு புத்தகம்.

ராபர்ட் பிர்சிக் 1968-ல் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை ஒரு ஹோண்டாவில் போனார். அந்தப் பயணத்தை எழுதி அனுப்ப, 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். 1974-ல் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. ஜென்னுக்கும் நான் பொறுப்பில்லை, மோட்டார் சைக்கிளுக்கும் பொறுப்பில்லை என்கிற தோரணையில் முன்குறிப்பிலேயே கைகழுவி விடுகிறார். நாம்தான் கவனிப்பதில்லை.

புகழ்பெற்ற காட்சி ஒன்று. கூட வரும் நண்பர் ஜானின் பி.எம்.டபிள்யூ ஹேண்டில்பார் லூசாகி ஆடுகிறது. பீர் டின்னை வெட்டி ஒரு தகடு சொருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்குக் கோபம். ஜெர்மன் வண்டிக்குப் பீர் டின்னா? இதிலிருந்து பிர்சிக் கிளாஸிக், ரொமான்டிக் என்று மனித குலத்தையே இரண்டாகப் பிரித்து, ஜானை இரண்டாவது டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்.

இந்த இடம் நம் ஊரில் எடுபடாது. இங்கே பீர் டின் தகடுதான் சம்பிரதாயமே. சைக்கிள் ட்யூப் துண்டு, செருப்பு வார், சோப்புக் கட்டி எல்லாவற்றையும் வைத்து வண்டியை ஓட்டிவிடும் மேதைகள் தெருவுக்குத் தெரு உண்டு. நமக்குக் குறை வேறு. அளந்து பார்க்கிற வழக்கம் கிடையாது. 'ஒரு சுத்து டைட் வை' என்பதுதான் அளவு. ஆக, தானே ஸ்பேனர் எடுக்கும் அமெரிக்கருக்குத் துணிச்சல் தேவைப்பட்டது. நமக்குத் தேவைப்படுவது நிதானம். பிர்சிக்கைக் கொண்டாடும் நம்மவர்கள் இதைச் சொல்லிப் பார்த்ததில்லை. (அவர்களில் பலர் பஞ்சருக்குக்கூட ஆளனுப்புகிறவர்கள். நானும் அந்த ஜாதிதான்.)

புத்தகத்தில் எனக்கு அசலாகப் பட்டது கடைசிப் பகுதிக்கு அருகில் வரும் ஒரு ஸ்க்ரூ. பக்கவாட்டுக் கவரைக் கழற்றப் பார்க்கிறீர்கள். ஒரு ஸ்க்ரூ வர மறுக்கிறது. பலத்தைக் காட்டினால் அதன் தலை சிதைகிறது. முழு வண்டியும் அந்த அற்ப ஸ்க்ரூவிடம் மாட்டிக்கொள்கிறது. கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை நிறுத்திவிட்டு ஸ்க்ரூவையே உற்றுப் பார்க்கச் சொல்கிறார் பிர்சிக். நானூறு பக்கத் தத்துவத்தில் இந்தச் சில பக்கங்கள் போதும் எனக்கு. கழற்றிய சாமான்களைச் செய்தித்தாள் விரித்து, வரிசை மாறாமல் வைக்கச் சொல்வதும் அப்படியே பின்பற்றத்தக்கது. திரும்பப் பூட்டும்போது ஒரு வாஷர் மிஞ்சினால் வருகிற வயிற்றுக் கலக்கம், பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்டது: ஜப்பான்காரர்களின் ப்ளஸ் ஸ்க்ரூவுக்கு ஜே.ஐ.எஸ். என்று தனி அளவு உண்டு. நாம் வாங்கும் சாதா ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். தவறு பல சமயம் மனசில் இல்லை, டூலில் இருக்கிறது. இதை எந்த ஜென் குருவும் எனக்குச் சொல்லவில்லை. உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார்.

சரி, என் செயின் கதை. வண்டிக் கையேட்டை எடுத்தேன். மனிதர்கள் எழுதியதுதானா என்று சந்தேகம் வரும் நடை. இருந்தாலும் பிர்சிக்கிடம் இல்லாத சரக்கு அதில் இருந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, செயின் கவரின் ரப்பர் மூடியைக் கழற்றி, செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். பின் ஆக்ஸில் நட்டை லூஸ் பண்ணி, இரண்டு பக்கமும் அட்ஜஸ்டரைச் சம அளவு திருகி, இரண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்து டைட் பண்ண வேண்டும். பண்ணினேன். பெருமையாக இருந்தது.

மறுநாள் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போகையில் வண்டி இழுக்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் பின் டிரம் கை வைக்க முடியாத சூடு. சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பிரேக் ராடு இழுபட்டு, பிரேக் ஷூ உரசிக்கொண்டே வந்திருக்கிறது. செயினைத் தொட்டால் பிரேக் நட்டையும் சரிசெய்ய வேண்டும். கையேட்டில் இருக்கிறது, ஒரே ஒரு வரியாக, அடுத்த பக்கத்தில். உயிர் சம்பந்தப்பட்ட வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியவரை ஜானின் டப்பாவில்தான் போட வேண்டும். பக்கத்தைத் திருப்பாத என்னை எதில் போடுவது?

தெருமுனை மெக்கானிக் நட்டை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, "ஏன் சார் நீங்க கஷ்டப்படுறீங்க?" என்றார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். செயின் ஒரே சீராகத் தேயாதாம். நாலைந்து இடத்தில் அசைத்துப் பார்த்து, எங்கே ரொம்ப இறுக்கமோ அந்த இடத்தை வைத்துத்தான் அளவு. நான் ரொம்பத் தொய்ந்த இடத்தில் அளந்திருந்தேன். காசு வாங்கவில்லை.

அந்த ஹோண்டா மலையேறும்போது, காற்று மெலிந்து பெட்ரோல் அதிகமாகி, பிளக் கரி பிடிப்பதைப் பிர்சிக் அழகாக எழுதியிருக்கிறார். கார்புரேட்டர் வண்டியில் ஊட்டி ஏறியவர்களுக்குப் புரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது வண்டிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் இனி சரித்திரம். செயினும் பிளக்கும் கிளட்ச் கேபிளும் இன்னும் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு பிளக். முதலில் விரலாலேயே மறையில் ஏற்ற வேண்டுமாம், ஸ்பேனர் கடைசியில்தான். பிரேக் ஷூ மாற்றுவதை மட்டும் தெருமுனைக்கே விட்டிருக்கிறேன்.