ரெண்டு இன்ச் ஸ்பீக்கரை நம்பி ஒரு தீர்ப்பு

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் வந்த இசைத்தொகுப்பு. கர்நாடக சங்கீதமும் பாக்கின் இசையும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிப் பார்த்த முயற்சி. வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் அதில் முன்னால் நிற்கும். "வயலின் பிரமாதம், ஆனா கீழே தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இல்லை, ஒல்லியா இருக்கு"ன்னு பல வருஷமாக நண்பர்களிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்தத் தீர்ப்பை வாபஸ் வாங்க வேண்டியதாகிவிட்டது. குறை இருந்தது என் லேப்டாப்பில்.

நடந்தது இதுதான். ஒரு ஜோடி பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் கைக்கு வந்தது. ஐந்தேகால் இன்ச் ஊஃபர். அதை ஓட்ட ஒரு சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு கேபிள், அங்கிருந்து ஸ்பீக்கருக்கு வயர். அவ்வளவுதான் ஏற்பாடு. அதே ஃபைலைப் போட்டேன். வயலினுக்குக் கீழே பேஸ் கிட்டார் தன் போக்கில் இன்னொரு மெட்டு போட்டுக்கொண்டு நடக்கிறது!

இது வெறும் "பேஸ் நல்லா வருது" என்கிற சமாச்சாரம் இல்லை. பாக் இசையின் உயிரே கவுண்டர்பாயிண்ட்தான். ஒன்றுக்கு மேற்பட்ட மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளும். அதில் கீழ்க்குரலை எடுத்துவிட்டால் பாதி வாதம் போச்சு. இரண்டு பேர் பேசும்போது ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு "உரையாடலில் சுவை இல்லை"ன்னு விமர்சனம் சொன்ன ஆள் நான்.

சரி, ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை? நாலு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அளவு தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் குட்டி ஸ்பீக்கராலும், மேஜை மேல் வைக்கிற ரெண்டு இன்ச் ஸ்பீக்கராலும் அது முடியாது. ஆனால் நம் மூளை கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறது. 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று மேலே வரும் மடங்குகளில் கிடைத்ததை வைத்து, வராத 41ஐத் தானே ஊகித்துக்கொள்கிறது. தனியாக பேஸ் வாசிக்கும்போது இந்த ஏமாற்று நன்றாகவே வேலை செய்யும். மேலே வயலின்களும் தபலாவும் சேர்ந்துவிட்டால் அந்த மெலிந்த மடங்குகளும் அமுங்கிப் போகும். பிறகு "கீழே ஒண்ணும் இல்லை"ன்னுதான் தோன்றும்.

இங்கே கடைக்காரர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ 2000 வாட்ஸ்' என்று போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறையே கிடையாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். கூட வரும் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 24 வாட்தான். அதைவிட அதிகமாகத் தொடர்ந்து வெளியே வர வழியே இல்லை.

உண்மையில் அவ்வளவு வாட் தேவையும் இல்லை. என் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம். 10 வாட் கொடுத்தால் 96. மேஜையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அதுவே காதைப் பிளக்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதனால் காசு இருந்தால் முதலில் ஸ்பீக்கரில் போடுங்கள். ஆம்ப் அடுத்தபடி. தங்க முலாம் பூசிய கேபிளை மறந்தே விடலாம்.

காசில்லாத வேலை ஒன்றும் உண்டு. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போய் கொழகொழவென்று ஆகும். நான் சுவரிலிருந்து ஒரு அடி நகர்த்தியதில் கிடைத்த தெளிவு, ஆம்ப்பை மாற்றினாலும் கிடைத்திருக்காது.

ஒரு தொல்லையும் வந்தது. சார்ஜர் மாட்டியிருந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல், கழற்றினால் நின்றுவிடும். கிரவுண்ட் லூப். இதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், உயிர் விஷயம். ஆப்டிகல் வழியாக இணைக்கிற டிஏசி இருந்தால் மின் தொடர்பு அறுந்து, அந்த லூப்பும் அறுந்துவிடும். எனக்கு இப்போதைக்கு பேட்டரியில் கேட்பதே போதுமாக இருக்கிறது.

எல்லாமே மேம்பட்டதா என்றால், இல்லை. பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3கள் அம்பலப்பட்டுவிட்டன. ஹை-ஹேட் சத்தம் தண்ணீரில் நனைந்த மாதிரி இருக்கிறது. ஃபூபார்2000இல் எது எது என்று தெரியாமல் 16 தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரிஜினலையும் 128ஐயும் 15 முறை சரியாகப் பிரித்தேன். 320க்கு வந்தபோது 9 முறைதான் சரி, காசைச் சுண்டியிருந்தால் கிட்டத்தட்ட அதே விடைதான் வந்திருக்கும். நீங்களும் ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டின் சத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைத்தான் காது 'தரம்' என்று சொல்லும்.

"நல்ல இயர்ஃபோனில் கேட்டிருந்தாலே தெரிஞ்சிருக்குமே"ன்னு நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். காதை அடைத்து உட்காரும் சாதாரண இயர்ஃபோன்கூட அந்தத் தாழ்ந்த ஒலியைக் கொடுத்துவிடும். நான் வேலை செய்துகொண்டே லேப்டாப்பில் ஓடவிட்டுத்தான் கேட்டேன். அப்படிக் கேட்டுவிட்டு தீர்ப்பும் சொன்னேன், அதுதான் குற்றம். ஸ்பீக்கரில் கூடுதலாகக் கிடைப்பது, இசை தலைக்குள் சுருங்காமல் எதிரே விரிவது. அறையில் இன்னொருவரும் கூடக் கேட்கலாம்.

இதே லேப்டாப்பை நம்பி எண்பதுகளின் ஒலிப்பதிவுகளைப் பற்றி நான் சொல்லிவைத்த கருத்துகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.