தேர்வு எதை அளக்கிறது? பெங்களூருத் திட்ட மதிப்பீடு குறித்து

பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் சார்பில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம், இலக்கண அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்காமல், பொருளை மையமாகக் கொண்ட செயற்பணிகள் வழியே பள்ளி மாணவர்க்கு ஆங்கிலம் பயிற்றியது. அதனைப் பற்றிய பெரெட்டா, டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு 1985இல் வெளிவந்தது. ஒரே தேர்வு இரு கற்பித்தல் முறைகளுக்கும் நடுநிலையாகாது என்பதால், அமைப்புத் தேர்வு, செயற்பணித் தேர்வு ஆகியவற்றுடன் சொல்வதெழுதல் முதலிய பொதுத் தேர்வுகளையும் அவர்கள் வைத்தனர்.

முடிவுகள் சிந்திக்கத்தக்கன. அமைப்புத் தேர்வில் மரபுமுறை வகுப்பினரும், செயற்பணித் தேர்வில் திட்ட வகுப்பினரும் பெரிதும் மேம்பட்டனர். பொதுத் தேர்வுகள் திட்டத்திற்குச் சாதகமாயின. எனினும், மாணவர் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாமல் இருந்த வகுப்புகளே ஒப்பிடப்பட்டமையால், கற்பித்தல் முறையின் பயனையும் ஆசிரியர் திறனின் பயனையும் பிரித்தறிதல் அரிது. ஆகவே, திட்டம் வென்றது எனத் துணிதல் பொருந்தாது.

எனினும் ஒன்று தெளிவு: கற்பித்ததையே தேர்வு அளக்கிறது. பல்கலைக்கழக ஆங்கிலத் தாளுக்கு ஒற்றை மதிப்பெண் மட்டும் வழங்கினால், அது எத்திறனின் அளவு என்பது மறைந்துபோகும். இலக்கணத்தில் தேர்ந்தவரும் பொருளுணர்வில் தேர்ந்தவரும் ஒரே எண்ணைப் பெறலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு மாணவரைத் தெரிவுசெய்வோர்க்கு அவ்வெண் உதவாது. திறன்தோறும் தனி மதிப்பெண் வழங்குதலே முறையாகும்.