சரியான நொண்டல்

நன்றாக டியூன் செய்த டூ-ஸ்ட்ரோக் மொபெட், நிற்கும்போது ஒரே சீராக ஓடாது. கொஞ்சம் நொண்டும். டிங், டிங், நடுவில் ஒரு சின்ன விக்கல், மறுபடி டிங், டிங். புதிதாக வண்டி பிரிக்கக் கற்றவருக்கு இந்த விக்கல் உறுத்தும். ஏர் ஸ்குரூவைத் திருகித் திருகி ஒரே சுருதிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கையைத் துடைப்பார். கேட்டுப் பழகிய காதுக்கோ அந்தச் சுருதிதான் சந்தேகம் கிளப்பும். பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிட்டது, அல்லது ஏதோ ஒரு பேக்கிங் வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. அப்படியே லோடு ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் முறுக்கினால் சிலிண்டர் காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நொண்டல் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று தெரிவதில்தான் வீட்டு வாசலில் உட்கார்ந்து பழைய வண்டி பார்க்கிறவரின் தேர்ச்சி இருக்கிறது.

ஓசூர்ப் பக்கம் இப்படிப்பட்ட காதுகள் அதிகம். காரணம் ஊரிலேயே இருக்கிறது. 1962-இல் பிரேக் தயாரிப்பதற்காகத் தொடங்கிய சுந்தரம்-கிளேட்டன், பிறகு ஓசூரில் மொபெட் பிரிவு அமைத்தது. 1980-இல் அங்கிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் வந்தது, பின்னால் டைட்டன் வந்தது, சிப்காட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் முளைத்தன. பகலெல்லாம் மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கும் பிட்டரோ டர்னரோ ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளியிலோ ஜூஜூவாடியிலோ மத்திகிரியிலோ வீட்டுக்கு வந்ததும், படியோரம் சாக்கு விரித்துத் தன் வண்டியைச் சாய்க்கிறார். செய்த கையும் பழுது பார்க்கும் கையும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய இல்லை.

அவர் சாய்க்கும் எஞ்சினின் அழகு அதன் சிக்கனம். டி.வி.எஸ். எக்ஸெல் சூப்பரின் 69.9 சி.சி. எஞ்சினுக்குள் முக்கியமாக அசைபவை மூன்றே: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர்ச் சுவரில் வெட்டிய துளைகளைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடிக்கொள்கிறது. எண்ணெய்க்குத் தனிப் பம்பும் இல்லை. பெட்ரோலோடு லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கிருஷ்ணகிரி முந்நூறு, நானூறு மீட்டர் தாழ்வு. சூளகிரி வழியாகக் கீழே இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு வண்டியை உருளவிட்டால் பெட்ரோல் மிகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சக்கரத்தோடு சேர்ந்து பிஸ்டன் மட்டும் கிட்டத்தட்ட வறட்சியில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஆட்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கி விடுவது அதனால்தான். பின்னால் வருபவர் அதை ஜம்பம் என்று நினைத்துக்கொள்வார்.

இனி கைவேலை. பழைய டி.வி.எஸ். 50, லூனா போன்ற வண்டிகளில் தீப்பொறிக்கு நேரம் குறிப்பது பிளாட்டினம். மேக்னட் சக்கரத்தில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால், பொத்தான் போன்ற இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டு விலகுவது தெரியும். நாள்பட ஒன்றில் குழி விழும், மற்றதில் மேடு ஏறும். நைசான உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு; அதற்கு மேல் இழுத்தால் மேட்டோடு முனையும் போய்விடும். பிறகு பெட்ரோலில் நனைத்த அட்டையை விட்டுத் துடைக்க வேண்டும். உப்புத்தாளின் மணல் ஒரு துகள் தங்கினாலும் பொறி திணறும்.

அடுத்தது இடைவெளி. முனைகள் முழுதாக விலகி நிற்கும்போது சுமார் 0.4 மில்லிமீட்டர். பீலர் கேஜ் இருந்தால் சரி. இல்லாவிட்டால் தடித்த விசிட்டிங் கார்டு இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்கு ஆக்ஸா பிளேடு. அதன் கனம் 0.6 மில்லிமீட்டர் சுமார். ஆலையில் மைக்ரான் கணக்கில் வேலை பார்ப்பவர் வீட்டில் விசிட்டிங் கார்டை வைத்து அளப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அட்டை எவ்வளவு இறுக்கமாக வழுக்குகிறது என்பதைத்தான் அவர் விரல் அளக்கிறது. பொறி விழும் கணத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது. மிக மெல்லிய தாளை முனைகளுக்கு நடுவில் கொடுத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மேக்னட்டை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் விடுபட்டு வரும் அந்த இடத்தில் மேக்னட்டில் உள்ள கோடும் கேஸில் உள்ள கோடும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நின்றால் பாதி மிதியிலேயே வண்டி எழுந்துகொள்ளும். பின்னால் வந்த எக்ஸெல் வண்டிகளில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்து இந்த வேலையே இல்லாமல் போயிற்று. சௌகரியம்தான், மறுக்கவில்லை.

பிளக்கைப் படிப்பதும் ஒரு படிப்பு. கழற்றிப் பார்த்தால் மூக்கு காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது ஜெட் பெரிது. வெளுத்திருந்தால் பயப்பட வேண்டும்; முதல் பத்தியில் சொன்ன அந்தச் சீரான ஓட்டத்துக்கும் வெளுத்த மூக்குக்கும் நோய் ஒன்றே. ஏர் ஸ்குரூவை முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து காதால் தேட வேண்டும். எஞ்சின் சூடேறிய பிறகே தேட வேண்டும். மார்கழிக் காலைக் குளிரில், சோக் போட்டு எழுப்பிய எஞ்சினில் டியூன் செய்தால் மத்தியானம் வேறு வண்டி ஓட்டுவது போலிருக்கும்.

பிக்கப் இல்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு எஞ்சினில் கோளாறே இருக்காது. சைலன்சர் அடைத்திருக்கும். எண்ணெய் எரிந்த கரி உள்ளே அப்பிக்கொள்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரைச் சத்தம் குறைக்கும் குழாய் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வெளியேறும் புகை அதன் முனையில் மோதித் திரும்பும் அலைதான், துளை மூடுவதற்குள் தப்பப் பார்க்கும் புதுப் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதனால் சைலன்சரைக் கழற்றி, விறகு மூட்டி, கரி சிவந்து எரிந்து அடங்கும்வரை போட்டு எடுப்பார்கள். அப்புறம் தட்டினால் கரி செதில் செதிலாகக் கொட்டும். சத்தம் பெரிதாகட்டும் என்று உள்ளே இருக்கும் தடுப்பையே வெட்டி எறியும் பையன்களும் உண்டு. வண்டி கத்தும், ஓடாது.

இந்தப் பகுதியில் எக்ஸெல் ஒரு நாளும் சும்மா நின்றதில்லை. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி, பாகலூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரோஜா, பால் கேன், சிமென்ட் மூட்டை எல்லாம் இதில்தான். அத்தனை பாரத்தையும் தாங்கும் கிளட்சில் லீவரே கிடையாது. எஞ்சின் வேகம் ஏற ஏற ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும், அவ்வளவுதான். லோடு வண்டியில் ஷூ தேய்ந்தால் எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகர மறுக்கிறது. "அண்ணா, எஞ்சின் போயிடுச்சு" என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். ஷூ மாற்றினால் தீர்ந்தது.

ஸ்கூட்டரைப் பற்றி எனக்குச் சொல்ல அவ்வளவு இல்லை. பஜாஜ் சேத்தக் நல்ல இரும்பு. இரண்டாகப் பிரியும் அதன் சக்கர ரிம்மில் நட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே டயர் மாற்றலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் எஞ்சின் ஒரு பக்கமாகத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. மொபெட்டில் எல்லாம் வெளியே தெரிகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

சாமானுக்கு எல்லை தாண்ட வேண்டியிருக்கும். அத்திப்பள்ளி கடந்தால் பெங்களூரு ஜே.சி. ரோடு, அங்கும் கிடைக்காத பழைய உருப்படிக்குச் சிவாஜி நகர் குஜிரிச் சந்தை. தமிழில் கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் முடித்துக்கொண்டு வருவார்கள். டூப்ளிகேட் ரிங்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, வாயின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பது. நல்ல ரிங்கில் முடியிழை அளவு தெரியும்; மட்டமானதில் வாசலே திறந்திருக்கும்.

சமீபமாகப் பழைய வண்டிகளைக் குரோம் பூசி, ஷோரூம் பெயின்ட் அடித்து நிறுத்துவது ஒரு மோகமாகியிருக்கிறது. பார்க்க அழகுதான். எனக்கு, டேங்கில் முழங்கால் உரசிய இடம் வெளுத்து, மரை ஒன்றுகூடக் கெடாமல் நட்டுகளின் மூலைகள் கூர்மையாக இருக்கும் வண்டி இன்னும் அழகு. நட்டின் மூலை மழுங்கியிருந்தால் அதற்குப் பொருந்தாத ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பெயின்டை யாரும் ஒரே நாளில் அடித்துவிடலாம்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எரியாத பெட்ரோலையும் எண்ணெயையும் அது ஊருக்கெல்லாம் ஊதுகிறது. 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸெல் 100 வந்தது, 2020-இல் அதில் கார்புரேட்டரும் போய் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்தது. 2021 முதல் ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. அவற்றிலும் பிரேக், டயர், பேரிங் பார்க்கலாம். பேட்டரிப் பெட்டியும் கன்ட்ரோலரும் வீட்டு ஸ்பேனருக்குத் திறப்பதில்லை.

இப்போதைய கவலை வேறு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கிறது, அந்தக் காலத்து ரப்பரை ஊத வைக்கிறது. ஒரு வாரம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பிஸ்டன் செட்டும் ரிங்கும் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. முதலில் தட்டுப்பாடு வரப்போவது கிராங்க் ஆயில் சீலுக்குத்தான் என்று நினைக்கிறேன். நல்ல கம்பெனி சீல் கண்ணில் பட்டால் இரண்டு செட்டாக வாங்கி, பவுடர் தூவி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.