தள்ளுவண்டியா, எல்கேஜி பெஞ்சா?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எவ்வளவு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. போன லீவில் மாமியார் ஊரான சின்னாளபட்டியில் அதை முழுசாக உட்கார்ந்து படித்தேன். (உட்கார்ந்துதான்!)

3, 4 வயசுக் குழந்தைக்கு நாளில் 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற ஆட்டம். திரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தப் பரிந்துரைகள் வலுவானவை, ஆனால் சான்றின் தரம் மிகக் குறைவு என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். மென்பொருளில் இப்படி எழுதி ரிலீஸ் பண்ணினால் டெஸ்டிங் டீம் சும்மா விடாது. ஆனாலும் மறைக்காமல் சொன்னார்களே, அந்த நேர்மை பிடித்திருக்கிறது. 180-ஐ மருந்து அளவு மாதிரி எடுத்துக்காதீங்க, அவ்வளவுதான்.

என் சண்டை வேறு இடத்தில். குழந்தையை ஒரே இடத்தில் 1 மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்கிறது ஆவணம். அதிலேயே சிறந்த வரி இதுதான். ஆனால் கொடுத்த உதாரணம் தள்ளுவண்டி! சின்னாளபட்டித் தெருவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்களை நான் பார்த்ததில்லை. இங்கே குழந்தையைக் கட்டிப்போடுவது ஸ்கூல் வேனும் எல்கேஜி பெஞ்சும். நீண்ட நேரம் உட்காரக் கூடாது என்றும் பொதுவாக ஒரு துண்டு இருக்கிறது; உட்கார வைப்பது யார் என்பது இல்லை.

என் பையன் விஷயத்தில் பள்ளியிலிருந்து வந்த முதல் புகாரே "சீட்ல உட்கார மாட்டேங்கிறான் சார்" என்பதுதான். மூன்றரை வயசு. நானும் வீட்டுக்கு வந்து அவனைத்தான் திட்டினேன்.

சின்னாளபட்டியை ஒட்டித்தான் காந்திகிராமம். சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்த ஆதாரக் கல்வி 1937-ல் வார்தாவில் 7 வயசுக்கு மேற்பட்டவர்களுக்காக உருவாகி, 1945-ல் சேவாகிராமத்தில் சின்னக் குழந்தைகள் வரை நீண்டது. பெருக்குவது, தண்ணீர் எடுப்பது, செடிக்கு ஊற்றுவது எல்லாமே அங்கே பாடம். காந்தியக் கல்வி பற்றி எனக்கு நிறையக் கேள்விகள் உண்டு, அதை வேறு பதிவில் வைத்துக்கொள்வோம். ஆனால் குழந்தையின் அசைவை நிமிடக் கணக்கில் எண்ண வேண்டிய நிலை அங்கே வராது.

நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பேரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 2019 ஜனவரியில் 2381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வந்தது. அந்தப் பேர் பெஞ்சுக்கு முன்னால் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் என் பயம். பெஞ்சைக் கேட்பதும் நம்மை மாதிரிப் பெற்றோர்தானே.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரே கேள்வி கேட்கப் போகிறேன்: காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததிலிருந்து இன்டர்வல் வரைக்கும் என் பையன் எத்தனை தடவை எழுந்திருக்கலாம்?