முதல் சிவப்பு

பழைய டி.வி. பெட்டியைப் பழுதுபார்ப்பதும் ஒருவகை விமரிசனம்தான் என்றால் நம்புவீர்களா? ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் எது மூலம், எது இடைச்செருகல் என்று பார்த்துப் பார்த்துத் தீர்மானிக்கிறார் அல்லவா, அதே வேலை. ஒரே வித்தியாசம், சுவடி ஷாக் அடிக்காது. இது 20,000 வோல்ட்டில் அடிக்கும்.

உதாரணத்துக்கு ஆர்.ஸி.ஏ.வின் ஸி.டி-100. 1953 டிசம்பரில்தான் அமெரிக்க அரசு என்.டி.எஸ்.ஸி. வண்ண முறைக்கு அனுமதி தந்தது. 1954-ல் இண்டியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன் தொழிற்சாலையிலிருந்து இந்தப் பெட்டி வெளிவந்தது. விலை 1,000 டாலர். அன்றைய சராசரி அமெரிக்கக் குடும்பத்துக்கு ஏறக்குறைய மூன்று மாத வருமானம். மேஜை அகலத்துக்கு மரப்பெட்டி, உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட வால்வுகள். இத்தனைக்கும் படம் என்னவோ 11½ அங்குல அகலம்தான். யார் வாங்குவார்கள்? சில மாதங்களிலேயே விலையைப் பாதியாக்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் 21 அங்குலம் வந்துவிட, இதன் கதை முடிந்தது. செய்ததே சில ஆயிரம்; மிஞ்சியவை ரொம்பக் கொஞ்சம்.

அரிய பொருள் என்றாலே போலி உரிமைகள் கிளம்பும். வட்ட முகமுள்ள எந்தப் பழைய கலர் டி.வி.யையும் 'உலகின் முதல் கலர் டி.வி.' என்று விற்கப் பார்க்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. பின்பக்கச் சீட்டில் மாடல் பெயரும், சேஸிஸில் ஸி.டி.ஸி-2 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். சீட்டு கிழிந்து போயிருந்தால், முன்னால் வந்து பிக்சர் ட்யூபை உற்றுப் பாருங்கள். பிற்காலத்து ட்யூப்களில் பாஸ்பர் புள்ளிகள் முன்கண்ணாடியின் உட்புறத்திலேயே படிந்திருக்கும். இதன் 15ஜிபி22 ட்யூபில் அவை உள்ளே தனியாக ஒரு தட்டையான கண்ணாடித் தகட்டில் இருக்கின்றன. ஷோகேஸுக்குள் ஃபிரேம் போட்ட படத்தை வைத்தாற்போலத் தெரியும். அதே ட்யூபை அந்த வருஷம் வெஸ்டிங்ஹவுஸும் வேறு சிலரும்கூடப் போட்டார்கள். அதனால் ட்யூப் வருஷத்தைச் சொல்லும். சேஸிஸ்தான் ஜாதகம் முழுவதையும் சொல்லும்.

சரி, கிடைத்துவிட்டது. உடனே ப்ளக்கைச் சொருகி 'படம் வருதா பார்ப்போம்' என்கிறவர்தான் இந்தக் கலையின் முதல் எதிரி. ஐம்பதுகளின் மெழுகுக் காகித கெபாசிட்டர்கள் இத்தனை வருஷத்தில் கசிய ஆரம்பித்திருக்கும். எலெக்ட்ரோலிட்டிக் வகையறா வறண்டிருக்கும். நேராக மின்சாரம் கொடுத்தால் ஒரு கெபாசிட்டரோடு போகாது, டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து புகையும். அதற்கெல்லாம் மாற்று தேடினால் வருஷக்கணக்காகும்.

கெபாசிட்டரை மாற்றுவதில் மூன்று பள்ளிகள் உண்டு. முதல் பள்ளி, பழசை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளவென்று மஞ்சள் நிறப் புதுசுகளைச் சால்டர் செய்யும். வேலை செய்யும், ஆனால் மூடியைத் திறந்தால் கண் கூசும். இரண்டாவது பள்ளி, பழைய கூட்டைச் சூடுகாட்டிக் காலி செய்து, உள்ளே புதுசை ஒளித்து, மெழுகால் மூடும். மூன்றாவது எதையுமே தொடாதே என்கிற வைதீகப் பள்ளி. என் ஓட்டு இரண்டாவதுக்கு, ஒரு நிபந்தனையோடு: எதை எப்போது மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைக்கவேண்டும். பாடபேதம் குறிக்காத பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இவரை மட்டும் ஏன் மன்னிக்கவேண்டும்?

நிஜமான தலைவலி ட்யூப்தான். 15ஜிபி22-வின் கண்ணாடியும் உலோகமும் சேருகிற விளிம்பில், வருஷம் போகப்போகக் கண்ணுக்குத் தெரியாமல் காற்று உள்ளே போய்விடுகிறது. வெற்றிடம் போனால் உயிர் போயிற்று. பெட்டியை ஒருமுறைகூட ஆன் பண்ணாமல் பட்டுத்துணி போர்த்திப் பாதுகாத்தாலும் போகும். திறந்து மறுபடி காற்றை உறிஞ்சிச் சூடேற்றி மூட முயன்றிருக்கிறார்கள். நடுவில் கண்ணாடி விரிசல் விட்டால் இருந்ததும் போச்சு. ட்யூபைப் புதுப்பிக்கும் பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன.

'எதற்கு இந்த அவஸ்தை? பெட்டிக்குள் ஒரு எல்.ஸி.டி.யை வைத்தால் ஜோராகப் படம் வருமே' என்பீர்கள். வரும். அதைவிடப் பெட்டிக்குள் மீன் வளர்க்கலாம், அதில் பாசாங்காவது இல்லை. என் கோபத்துக்குக் காரணம் பழமை மேல் உள்ள பாசம் இல்லை. அந்த ட்யூபில் வருகிற நிறம் பிறகு வந்த பெட்டிகளில் வரவில்லை என்பதுதான். 1953-ல் வகுத்த என்.டி.எஸ்.ஸி. அளவுகோலின் ஆழ்ந்த சிவப்பையும் பச்சையையும் காட்டுகிற பாஸ்பர்கள் இதில் இருந்தன. ஆனால் படம் மங்கல். அறையை இருட்டாக்கித்தான் பார்க்கவேண்டும். மக்கள் வெளிச்சம் கேட்டார்கள். கம்பெனிகள் வேறு பாஸ்பருக்கு மாறின. வெளிச்சம் கூடியது, நிறங்களின் வீச்சு குறுகியது.

இன்னொன்று, நம் கண் ஆரஞ்சு, நீலப்பச்சைப் பக்கம் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கும் என்பதால், அந்த நிறச் செய்திக்கு ஒளிபரப்பில் அதிக இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதை முழுசாக வாங்கிக்கொள்கிற சர்க்யூட் ஸி.டி-100-ல் உண்டு. பின்னால் வந்தவர்கள் செலவைக் குறைக்க அதை வெட்டிவிட்டார்கள். முதல் பெட்டிதான் அந்த முறைக்கு ரொம்ப விசுவாசமாக இருந்தது. அப்புறம் வந்ததெல்லாம் சமரசம். இந்தியாவில் வண்ணம் வந்த 1982-ல் வெளிச்சமான பாஸ்பர்கள் எங்கும் நிலைத்துவிட்டன. நம் வீட்டுப் பெட்டிகளில் அந்தச் சிவப்பு இருக்கவே இல்லை.

ஆகவே ஒரு ஸி.டி-100-ன் ட்யூப் செத்துவிட்டால் என்ன செய்யலாம்? பெட்டியைச் சுத்தம் செய்து, சர்க்யூட்டைச் சரிபார்த்து, திரையை இருட்டாகவே விட்டு, 'ட்யூபில் காற்று புகுந்துவிட்டது' என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். இருண்ட திரை ஒரு உண்மையைச் சொல்கிறது. எல்.ஸி.டி. பொருத்திய திரை, 1954-ல் இப்படித்தான் தெரிந்தது என்று பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பையனிடம் பொய் சொல்கிறது. அவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

வேலை செய்கிற ட்யூப் உள்ள பெட்டிகள் உலகத்தில் ரொம்பச் சொற்பம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஹில்லியர்டில் ஆரம்பகால டி.வி.க்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸி.டி-100 பற்றி விசாரியுங்கள். எரிந்துகொண்டிருந்தால், விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அந்தச் சிவப்பைப் பாருங்கள். கேமராவில் பிடித்துவந்து எங்களுக்குக் காட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் போனின் திரைக்கு அது எட்டுமா என்பது சந்தேகம்.