அவசரகாலப் பையும் மயிலத்து மழையும்

2024 டிசம்பர் 1 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய பாதி அது. முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த இடத்தைவிட்டு நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. திண்டிவனம், மயிலம், வானூர், மரக்காணம் பக்கமெல்லாம் அந்த மழையிலேயே மிதந்தது. அது வடிவதற்குள் டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் நீர் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்னால் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் மக்களுக்கு அவசரகாலப் பைக்கான ஒரு பட்டியல் தருகின்றன. டார்ச், பேட்டரி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, குடிநீர், உலர் உணவு, மருந்து, முதலுதவிப் பெட்டி, நனையாத உறையில் ஆவணங்கள், சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, ஒரு சிறிய ரேடியோ. உலகமெங்கும் சொல்லப்படும் மூன்று நாள் கணக்கின் உள்ளூர் வடிவம் இது. வெளியுதவி வந்துசேர மூன்று நாள் ஆகும், அதுவரை வீடு தன் காலில் நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தப் பட்டியலை ஃபெஞ்சலில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தேறும் என்பதே என் கேள்வி. பட்டியலைப் பழிக்க வேண்டும் என்பது நோக்கமில்லை. அதை நம்பி வீட்டைத் தயார் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது சரியாக உதவ வேண்டும் என்பதால்தான் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியல் எந்தப் புயலுக்குப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலுக்கு இது நன்றாகப் பொருந்தும். தானே காற்றால் அடித்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு போயின, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வீடு நின்றது, கரண்ட் போனது. அந்த நிலைமையில் டார்ச்சும் மெழுகுவர்த்தியும் உலர் உணவும் வைத்திருந்தவர் கரையேறினார். ஃபெஞ்சலில் நடந்தது வேறு. தரையோடு தரையாக இருந்த அந்தப் பையே தண்ணீரில் மிதந்தது. வீட்டுக்குள் தங்கியிருப்பதற்கான பட்டியலை, வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய இரவில் நம்ப முடியாது. அதன் முதல் குறை இதுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஃபெஞ்சலில்கூட இரண்டு வெள்ளங்கள் இரண்டு விதமாக வந்தன. திண்டிவனத்துக்காரர் தன் தலைமேல் பெய்ததைக் கண்ணால் பார்த்தார். ஏரி கோடி போகிறதா, வாய்க்கால் எந்தப் பக்கம் உடைக்கும் என்று ஊகிக்க அவருக்குச் சில மணி நேரம் இருந்தது. அரசூரிலும் பக்கத்து ஊரான இருவேல்பட்டிலும் இருந்தவருக்கு அப்படியில்லை. அவரை மூழ்கடித்தது கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் பெய்த மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானது. அந்தத் தண்ணீர் சாத்தனூரில் சேர்ந்து, உள்ளூரில் மழை குறைந்த பிறகு, இருட்டில் வந்து கதவைத் தட்டியது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூறின. இந்தச் சண்டையில் யார் பக்கம் உண்மை என்பதைவிட, ஒரு வீட்டுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். "1.68 லட்சம் கன அடி" என்று ஒருவருக்குச் செய்தி வந்தால் அவர் அதை வைத்து என்ன செய்வார்? தன் வாசல்படி மூழ்குமா, ஜன்னல் மட்டம் மூழ்குமா என்பது அந்த எண்ணில் இல்லை. "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்றால், ஆற்றிலிருந்து அரை மைல் தள்ளி இருப்பவர் தன்னைக் கரையோரம் என்று எண்ணுவதில்லை.

எனவே வீட்டுப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது ஒரு பொருள் அல்ல, ஓர் அளவு. நம் வீட்டுத் தரை, தெருவைவிட எத்தனை அடி உயரம்? 2021 நவம்பரில் எல்லிஸ்சத்திரம் அணைக்கட்டைச் சேதப்படுத்திய வெள்ளம் நம் தெருவில் எதுவரை வந்தது, 2024இல் எதுவரை வந்தது? தண்ணீர் எந்தக் குறியைத் தொட்டால் கிளம்புவது, யார் வீட்டு மாடிக்கு, எந்தத் தெரு வழியாக? இதை மழைக்கு முன்பே பகலில் பேசி வைத்த குடும்பத்துக்கு டார்ச் பயன்படும். பேசாத குடும்பம் நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்யும். கிளம்பும்போது மெயினை அணைக்க வேண்டும். அதைப் போலவே இன்வெர்ட்டரைத் தரையிலிருந்து பெயர்த்து உயரத்தில் வைப்பதும் காசு அதிகம் ஆகாத வேலை. வெள்ளத்தில் சாவது மூழ்கித்தான் என்றில்லை, வீட்டுக்குள்ளேயே மின்சாரம் பாய்ந்தும் நடக்கிறது.

கிளம்ப மறுப்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். எச்சரிக்கை வந்தும் போகாதவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டுவது வழக்கம். ஆனால் விழுப்புரம் விவசாய மாவட்டம். பல வீடுகளில் வாசலில் பசு நிற்கிறது. 2024 டிசம்பரில் அரசு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள்: இறந்த பசுவுக்கு 37,500 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். மாட்டை விட்டுவிட்டு முகாமுக்குப் போ என்று சொல்வது, வீட்டைவிட விலை கூடிய ஒன்றை விட்டுவிட்டுப் போ என்பதற்குச் சமம். அந்தக் குடும்பம் கணக்குத் தெரிந்துதான் தங்குகிறது. நான் பார்த்த எந்த வீட்டுப் பட்டியலிலும் மாடு இல்லை. முகாம் என்றால் பள்ளிக்கூடம், அங்கே மாட்டுக்கு இடமில்லை. ஊரின் மேட்டு நிலம் எது, அங்கே முன்கூட்டியே மாடுகளை ஓட்டிச் செல்வது யார் பொறுப்பு, அதற்கும் நேரமில்லாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுவது யார் என்று தீர்மானித்த ஊரில்தான் மனிதர்களும் கிளம்புவார்கள்.

தண்ணீருக்கு வருவோம். பட்டியல் முழுதாகச் சரியாக இருக்கும் இடம் இதுதான், ஆனால் காரணத்தை அது சொல்வதில்லை. மயிலத்தில் 600 சதுர அடி மொட்டை மாடி உள்ள வீட்டின்மேல் அந்த ஒரே நாளில் 28,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் விழுந்தது. அதே நேரம் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, சின்டெக்ஸ் தொட்டி காலி. அடிபம்பு இருந்த இடத்தில் அது சேற்றுக்குள் நின்றது. கேன் தண்ணீர் கொண்டுவரும் வண்டிக்குச் சாலை இல்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் நாம் கட்டியவை பெரும்பாலும் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பும் குழிகள். குடத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அரிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று குடிப்பதற்கு மட்டும் கணக்கிட்டால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இருபது லிட்டர் கேன் இரண்டு கூடுதலாக வாங்கி உயரத்தில் வைத்தால் தீர்ந்தது. காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்த அன்றே வாங்க வேண்டும், கரையைக் கடக்கும் நாளில் கடை திறந்திருக்காது. மாடிக் குழாயில் முதல் அரை மணி நேரத் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு கழுவிய டிரம்மில் பிடித்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்தால் அதுவும் குடிக்க ஆகும். வெள்ளம் புகுந்த கிணறு மட்டும் வேண்டவே வேண்டாம். சாதாரணக் கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கு வெள்ளம் கலந்த கிணற்றுக்குப் போதாது. அதை இறைத்துக் கொட்டி, சுகாதார ஆய்வாளர் சொல்லும் அளவில் மருந்திட்ட பிறகே தொட வேண்டும்.

கொதிக்க வைக்கவும் சமைக்கவும் அடுப்பு எரிய வேண்டுமே என்றால், ஒற்றை சிலிண்டர் வீடுகள்தான் கவலைக்குரியவை. அந்தச் சிலிண்டர் மிதந்து போகாமல் கட்டி வைக்கலாம். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் இருந்தால் அடுப்பில்லாமலே இரண்டு நாள் ஓடும். சோற்றுக்கு ரேஷன் அரிசி மூட்டை இருக்கிறது, அதைப் பரணில் ஏற்றினால் போதும். உணவு விஷயத்தில் நம் வீடுகள் ஏற்கெனவே பட்டியலைவிடத் தயாராக இருக்கின்றன. கடைகளிலும் இணையத்திலும் விற்கும் "அவசரகால உணவுப் பெட்டி"க்கு இங்கே அவசியமில்லை.

மருந்து பற்றிப் பட்டியல் சொல்வது சரி, அழுத்தம் போதாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடுதேடி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த தவணை வரும்வரை காத்திராமல், பத்து நாள் மாத்திரையாவது கூடுதலாகக் கையில் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலின் வீண் என்று பயந்து ஊசி போடாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை தாங்கும். டிசம்பர் மாதத்து விழுப்புரத்தில் ஈரத்துணி சுற்றிய மண்பானை போதும். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர், பிரசவ நாள் நெருங்கிய பெண், இவர்களை எந்தப் பையும் காப்பாற்றாது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது, டிசம்பர் 2 அன்று ரயில் நின்றதும் அங்கேதான். இவர்கள் ஒரு நாள் முன்பே மருத்துவமனைக்கு அருகில் போய்விட வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு சேற்றில் காலில் வெட்டோடு நடப்பதால் வரும் எலிக்காய்ச்சலும், வீட்டுக்குள் ஒதுங்கிய பாம்பும் முதல் மூன்று நாளில் முடிந்துபோகும் ஆபத்துகள் அல்ல. மூன்று நாள் என்ற கணக்கே இங்கே குறுகியது.

ஆவணங்களுக்குப் பட்டியல் கொடுக்கும் முக்கியத்துவத்தை நான் ஏற்கவில்லை. ஆதாரும் ரேஷன் அட்டையும் சான்றிதழும் தொலைந்தால் துயரம்தான், ஆனால் திரும்பக் கிடைக்கும். பட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். வெள்ளத்துக்குள் திரும்பிப் போய் டிரங்குப் பெட்டியை எடுக்க முயல்வதுதான் ஆபத்து. பாலித்தீனில் சுற்றி மழைக்காலம் முழுக்கப் பரணிலேயே வைத்துவிட்டால் கடைசி நேரத்தில் தேட வேண்டியதில்லை. ரேடியோவை மட்டும் நான் விடமாட்டேன். செல்போன் கோபுரத்தில் டீசல் தீர்ந்தால் எந்த ஆப்பும் எந்த எண்ணும் உதவாது. புதுச்சேரி வானொலி நிலையம் இந்த மாவட்டத்தின் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நியாயமான எதிர்வாதம் மிஞ்சுகிறது. தயார்நிலை என்று வீட்டின் தலையில் கட்டுவது அரசு தன் பொறுப்பைக் கழற்றிவிடும் வழி என்கிறார்கள். 2024–25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி, ரேடியோ என்று வாங்கச் சொல்வது எட்டாத அறிவுரை. டிசம்பர் 3 அன்று இருவேல்பட்டில் அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சோறும் தண்ணீரும் வரவில்லை என்று சாலையில் உட்கார்ந்த மக்களிடம் போய் "நீங்கள் ஏன் பை தயார் செய்யவில்லை" என்று யாரும் கேட்க முடியாது. எதிர்வாதம் பாதி சரி. அணையை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை எந்த வீடும் தீர்மானிக்க முடியாது. புயல் பாதுகாப்பு மையங்கள் பெரும்பாலும் கடலோரத்தில் இருக்க, உள்நாட்டு ஆற்றங்கரைக்கு மாடி வேண்டும் என்பதும் அரசின் வேலை. மீதிப் பாதியில் அது தவறு. அரசு எவ்வளவு நன்றாக இயங்கினாலும் முதல் ஆறு மணி நேரம் அக்கம்பக்கத்தார் கையில்தான்.

ஆகவே என் முடிவு இது. தண்ணீர், மருந்து, ரேடியோ ஆகிய மூன்றில் பட்டியல் தேறுகிறது. உணவில் அது தேவைக்கு மேல் பேசுகிறது. வீட்டின் உயரம், கிளம்பும் நேரம், மாடு, மாடி வீடு ஆகியவற்றில் அது தோற்கிறது. விழுப்புரத்தில் உயிரைத் தீர்மானித்தவை இவைதான். தனி வீடு தன்னிறைவு அடைய முடியும் என்ற எண்ணத்தையே இந்த மாவட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தெரு ஓர் அலகாக நிற்க முடியும். அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டம் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. 2021, 2024 வெள்ளம் எட்டிய மட்டத்தைப் பள்ளிக்கூடச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெயின்ட்டால் கோடிட வேண்டும். பள்ளி மாடிச் சாவி இரவில் யாரிடம் இருக்கும், மாடுகளை எந்த மேட்டுக்கு யார் ஓட்டுவது, எந்த அடிபம்பின் மேடையை உயர்த்துவது என்று அன்றே பெயரோடு தீர்மானத்தில் எழுத வேண்டும். கன அடியோடு "இந்தக் கோட்டுக்கு இரண்டடி கீழே வரும்" என்ற வாக்கியமும் எச்சரிக்கையில் இருக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும்.